கிரவுண்டு முதல் மருந்து டேங்க் வரை... அளவு தப்பினால் அத்தனையும் தப்பும்!

பதினோராம் வகுப்பில் பிள்ளைகள் படிக்கும் ‘அளவீடு, அலகு மாற்றம், முக்கிய எண்ணுருக்கள்’ என்ற பாடம் தேர்வோடு முடிந்துபோகிற விஷயமல்ல. பட்டா, உர மூட்டை, மருந்து டேங்க், மண் ஆய்வு அட்டை என்று விவசாயி தொடும் எல்லாவற்றிலும் அந்தப் பாடம் இருக்கிறது. 200 ஆண்டுகளுக்கு முன்பு சென்னைப் பரங்கிமலையில் அந்தப் பாடத்துக்கு மிகப்பெரிய செய்முறை விளக்கமே நடந்திருக்கிறது.

‘பட்டாவில் 0.40.50 என்று போட்டிருக்கிறார்கள். அது 40 சென்ட்டா?’

‘ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்றால், ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா?’

‘40 பி.பி.எம் தெளிக்கச் சொல்கிறார்கள். 10 லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி?’

விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. மூன்றுக்கும் பதில் வேளாண்மைப் புத்தகத்தில் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்து வேதியியல் புத்தகத்தின் முதல் பாடத்திலும் இருக்கிறது. ஓர் அளவைச் சொல்லும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். எண் எவ்வளவு, அலகு என்ன, அந்த எண்ணை எதுவரை நம்பலாம் என்பவையே அந்த மூன்று. இதில் ஒன்றை விட்டாலும் கணக்கு காலை வாரிவிடும்.

பரங்கிமலையில் தொடங்கிய கணக்கு

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகே, சமவெளியில் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. கோடு தெற்கே பெரும்பாக்கம் பக்கமுள்ள குன்றை நோக்கிப் போனது. நீளம் சுமார் ஏழரை மைல். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவைக்கு இந்தக் கோடுதான் அடித்தளம்.

முக்கோணக் கணக்கு எளிமையானது. ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு முனைகளின் கோணமும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களை நடக்காமலே கணக்குப் போட்டுவிடலாம். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது என்று மலைக்கு மலை தாவிப் போகலாம். ஆனால், முதல் கோட்டில் பிழை வந்தால் அது கடைசி முக்கோணம் வரை கூடவே வரும். அதனால்தான் அந்த ஏழரை மைலை அளக்க அத்தனை மெனக்கெட்டார் லாம்டன்.

அவர் பயன்படுத்தியது 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள் கொண்டது. அந்தச் சங்கிலியை 400 முறை நீட்டிப் பிடித்தால்தான் கோடு முடியும். தரையில் அப்படியே போட்டால் மேடு பள்ளத்தில் வளையும் என்பதால், முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை வைத்து அவற்றுக்குள் சங்கிலியை நேராகக் கிடத்தினார்கள். பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்து ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்கள்.

வெப்பமானி எதற்கு? எஃகு வெயிலில் நீளும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால், 100 அடிச் சங்கிலி சுமார் மூன்றரை மில்லி மீட்டர் நீளும். ஒருமுறை நீட்டும்போது அது பெரிதாகத் தெரியாது. 400 முறை நீட்டினால் மொத்தம் நான்கரை அடிக்கு மேல் பிழை வந்துவிடும். சித்திரை வெயிலில் அளந்தவருக்கு இது தெரிந்திருந்தது. அளந்த ஒவ்வொரு எண்ணையும் வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்தினார்.

அளக்கும் கருவி எப்போதும் ஒரே மாதிரி இருக்காது என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம். வெயிலில் கிடந்து இழுபட்டுப்போன துணி டேப்பும், அடியில் மண் ஒட்டிய தராசும், தேய்ந்துபோன படியும் இன்றைக்கும் அதே பிழையைத்தான் செய்கின்றன.

இந்த அளவைக்குத் தஞ்சாவூரிலும் ஒரு கதை உண்டு. 1808-ல் அரை டன் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே அதைச் சரிசெய்தார் லாம்டன். நம்ப முடியாத கருவியை வைத்துக்கொண்டு ஓர் எண்கூட எழுத அவர் தயாராக இல்லை.

29,000 அடியா, 29,002 அடியா?

பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு இமயமலை வரை போயின. அங்கே ‘15-ம் சிகரம்’ என்று குறிக்கப்பட்ட மலையின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் முக்கியப் பங்கு வகித்தவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். அந்தச் சிகரத்தைத்தான் இன்று எவரெஸ்ட் என்கிறோம்.

1856-ல் அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. இதன் பின்னால் ஒரு கதை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. கணக்கில் வந்தது சரியாக 29,000 அடியாம். அப்படியே வெளியிட்டால் ‘குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்’ என்று உலகம் நினைத்துக்கொள்ளும் என்பதற்காக இரண்டு அடியைச் சேர்த்தார்களாம்.

பிள்ளைகள் படிக்கும் ‘முக்கிய எண்ணுருக்கள்’ என்பது இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். 29,000 என்று எழுதினால், அந்த மூன்று சைபரும் அளந்து வந்தவையா, தோராயமாகப் போட்டவையா என்று படிப்பவருக்குத் தெரியாது. எந்த இலக்கம் வரை உண்மையாக அளந்திருக்கிறோமோ, அதுவரை உள்ள இலக்கங்களே முக்கிய எண்ணுருக்கள்.

வீட்டு உதாரணமாகச் சொன்னால், ‘4 கிலோ’ என்பதற்கும் ‘4.00 கிலோ’ என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம். இரண்டாவது 10 கிராம் வரை காட்டும் தராசில் எடை போட்டுச் சொன்னது. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் சைபர் சும்மா கிடப்பதல்ல. ‘இதுவரை அளந்திருக்கிறேன்’ என்று அது சொல்கிறது. அளக்காமல் அந்தச் சைபரைப் போட்டால் அது பொய்.

எண்ணிச் சொல்பவற்றுக்கு இந்தச் சந்தேகம் கிடையாது. 12 மூட்டை என்றால் 12 மூட்டைதான். அளந்து சொல்பவற்றுக்குத்தான் கருவியின் எல்லை உண்டு.

கிரவுண்டு, காணி, மா... நிலத்துக்கு எத்தனை பெயர்!

மயிலாப்பூரிலோ, தி.நகரிலோ, அடையாறிலோ மனை விலை கேட்டால், ‘கிரவுண்டு என்ன விலை’ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 60 அடிக்கு 40 அடி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இப்படி 24 மனை சேர்ந்தது ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி, ஏக்கரில் 1.32. செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் இந்தக் காணியைப் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் கணக்கு வேறு. அங்கே 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது 33 சென்ட். ஒரு வேலி 6.6 ஏக்கர்.

குழியும் காணியும் ஊருக்கு ஊர் மாறும். அதனால் பழைய பத்திரத்தில் ‘காணி’ என்று பார்த்தவுடன் 1.32-ஆல் பெருக்கிவிடக் கூடாது. அந்த ஊர்க் காணி எத்தனை சென்ட் என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

எடையிலும் இதே குழப்பம் இருந்தது. மணங்கு என்று ஒரே பெயர். சென்னை மணங்கு 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம். வங்காள மணங்கு 82 பவுண்டு, சுமார் 37 கிலோ. பெயரை மட்டும் நம்பிப் பேரம் பேசியவர் கதி என்னவாகியிருக்கும்? இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் 1956-ல் எடை, அளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோவும் மீட்டரும் நடைமுறைக்கு வந்தன.

ஆனாலும் நிலத்தில் பழைய அளவு இன்னும் போகவில்லை. பத்திரம் ஏக்கர், சென்ட்டில் இருக்கும். பட்டா ஹெக்டேர், ஏரில் இருக்கும். 0.40.50 என்றால் 0 ஹெக்டேர், 40.50 ஏர் என்று பொருள். இதை 40 சென்ட் என்று படித்தால் பாதிக்கு மேல் நிலம் காணாமல் போய்விடும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். சென்ட்டில் 2.471. ஆக, 40.50-ஐ 2.471-ஆல் பெருக்கினால் 100.1 சென்ட். அதாவது, அது ஓர் ஏக்கர் நிலம்.

இங்கேதான் முக்கிய எண்ணுருக்கள் பணமாக மாறுகின்றன. ‘ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர்’ என்பது வாய்ப் பேச்சுக்குச் சரி. பத்திரக் கணக்குக்குச் சரிவராது. 2.471-க்குப் பதில் 2.5 போட்டால் ஓர் ஏக்கருக்கு ஒரு சென்ட்டுக்கு மேல் கூடிவிடும். ஐந்து ஏக்கரில் அந்தப் பிழை கிட்டத்தட்ட 6 சென்ட். மயிலாப்பூர்க் கணக்கில் சொன்னால் ஒரு கிரவுண்டுக்கும் மேல் (ஒரு கிரவுண்டு 5.5 சென்ட்தான்). பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி மனக்கசப்பு பல நேரங்களில் இப்படிப்பட்ட ஆறு சென்ட்டில்தான் ஆரம்பிக்கிறது.

பெருக்கல், வகுத்தலில் மிகக் குறைந்த இலக்கங்களில் தரப்பட்ட எண் எதுவோ, விடையையும் அந்த அளவுக்குத்தான் நம்பலாம் என்பது பள்ளி விதி. 40.50 என்பது நான்கு இலக்கத்தில் இருக்கிறது. அதைப் பெருக்கும் எண்ணும் நான்கு இலக்கத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் 2.471.

மூட்டைக் கணக்கில் ஒளிந்திருக்கும் வேதியியல்

சென்னையில் அடையாற்றங்கரைச் சைதாப்பேட்டையில் 1868-ல் ஒரு வேளாண்மைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுதான் 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய், 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் உரப் பரிந்துரைகள் பெரும்பாலும் ‘ஹெக்டேருக்கு இத்தனை கிலோ சத்து’ என்றுதான் இருக்கும். விவசாயிக்குத் தேவைப்படுவது ‘ஏக்கருக்கு இத்தனை மூட்டை உரம்’. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. ஹெக்டேரை ஏக்கராக்குவது ஒன்று. சத்தை உரமாக்குவது மற்றொன்று.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 2.471-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 48.56 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவிகிதம்தான் தழைச்சத்து. எனவே 48.56-ஐ 0.46-ஆல் வகுக்க வேண்டும். செல்போன் கணக்கில் 105.572467 என்று வரும். அத்தனை இலக்கத்தையும் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. 120 என்பதே பத்து, பத்தாகச் சொல்லப்பட்ட எண். 105 கிலோ என்று எடுத்துக்கொண்டால் போதும். 45 கிலோ மூட்டையில் இரண்டு மூட்டையும் மேற்கொண்டு 15 கிலோவும்.

ஹெக்டேர் என்பதைக் கவனிக்காமல் ஏக்கருக்கே 120 கிலோ தழைச்சத்து என்று போட்டால், சுமார் 260 கிலோ யூரியா போய்விடும். கிட்டத்தட்ட ஆறு மூட்டை! காசு போவது மட்டுமல்ல, பயிர் கரும்பச்சையாக மதமதவென்று வளர்ந்து புகையான், இலைச்சுருட்டுப்புழு, குலை நோய் எல்லாவற்றையும் அழைத்துக்கொண்டு, கடைசியில் சாய்ந்தும் விடும்.

இன்னொரு பொறி மூட்டையிலேயே இருக்கிறது. முன்பு யூரியா மூட்டை 50 கிலோ. 2018 முதல் 45 கிலோ. ‘ஏக்கருக்கு ரெண்டு மூட்டை’ என்று அப்பா காலத்துக் கணக்கையே போட்டால், 46 கிலோ கிடைத்த இடத்தில் 41 கிலோ தழைச்சத்துதான் கிடைக்கும். மூட்டை என்பது அலகு அல்ல. அதன் மேல் அச்சிட்டிருக்கும் கிலோதான் அலகு.

46 சதவிகிதம் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்கலாம். யூரியாவில் ஒரு கார்பன் (12), ஓர் ஆக்சிஜன் (16), இரண்டு நைட்ரஜன் (28), நான்கு ஹைட்ரஜன் (4). மொத்தம் 60. அதில் நைட்ரஜன் 28. நூற்றுக்குப் பார்த்தால் 46.7. மூட்டையில் போட்டிருப்பது உறுதியாகக் கிடைக்கும் 46.

டி.ஏ.பி மூட்டையில் உள்ள 18:46 என்பதில் 46 என்பது தனி பாஸ்பரஸ் அல்ல. ஆக்சிஜனோடு சேர்ந்த பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. தனி பாஸ்பரஸாகப் பார்த்தால் 20 சதவிகிதம்தான். மண் ஆய்வு அட்டையில் தனிப் பாஸ்பரஸாகக் கொடுத்திருந்தால், 2.29-ஆல் பெருக்கினால்தான் மூட்டைக் கணக்கோடு ஒப்பிட முடியும். பொட்டாசியத்தை மூட்டைக் கணக்குக்கு மாற்ற 1.2-ஆல் பெருக்க வேண்டும். அட்டையில் எது இருக்கிறது என்று ஆய்வகத்திலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மூடியால் அளக்க முடியாத 2 மில்லி

மருந்துக் கணக்கில் தப்பினால், பயிரோடு அடிப்பவரின் உடம்புக்கும் கேடு. ஒரு மருந்தின் லேபிளில் ‘ஹெக்டேருக்கு 100 மில்லி, 500 லிட்டர் தண்ணீரில்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 40 மில்லி, 200 லிட்டர் தண்ணீர். 10 லிட்டர் டேங்க் என்றால் 20 டேங்க். ஆக, ஒரு டேங்குக்கு 2 மில்லி. லிட்டருக்குப் பார்த்தால் 0.2 மில்லி.

‘எல்லா மருந்தும் லிட்டருக்கு 2 மில்லிதானே’ என்ற பழக்கத்தில் ஊற்றினால் பத்து மடங்கு போய்விடும். புள்ளி ஒன்று இடம் மாறியதன் விலை அது. பயிர் கருகும், தேனீக்கள் சாகும், காய்கறியில் நஞ்சு தங்கும்.

கணக்கைச் சரியாகப் போட்டாலும் அளப்பதில் இன்னொரு சிக்கல் வரும். பாட்டில் மூடியில் 5 மில்லிக்கு ஒரு கோடுதான் இருக்கும். அதை வைத்து 2 மில்லியை எப்படி அளப்பது? கண் அளவில் ஊற்றினால் ஒரு டேங்கில் 1 மில்லி, அடுத்ததில் 4 மில்லி என்றுதான் விழும். கருவியில் இல்லாத இலக்கத்தைக் கண்ணால் உண்டாக்க முடியாது என்பதைத்தான் பாடப் புத்தகமும் சொல்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச். அதில் 2 மில்லியைத் துல்லியமாக எடுக்கலாம். அதை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மற்றொன்று, வேதியியல் ஆய்வகத்தில் செய்வதுபோலக் கரைசலாக்கிக்கொள்வது. ஏக்கருக்கு உரிய 40 மில்லி மருந்தோடு தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்கி, நன்கு கலக்கி, டேங்குக்கு 50 மில்லி வீதம் ஊற்றினால் 20 டேங்குக்கும் சமமாக வரும். 50 மில்லியை அளப்பது எளிது. கையுறை கட்டாயம். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

இப்போது பேட்டரி ஸ்பிரேயர்களில் 16 லிட்டர் டேங்குகள் வந்துவிட்டன. டேங்குக் கணக்கில் பழகிய கை, 10 லிட்டர் அளவையே 16 லிட்டருக்கும் ஊற்றும். இயற்கை விவசாயிகளுக்கும் இது பொருந்தும். 3 சதவிகிதப் பஞ்சகவ்யா என்றால், 10 லிட்டருக்கு 300 மில்லி. 16 லிட்டருக்கு 480 மில்லி.

பி.பி.எம் என்றால் மிரள வேண்டாம். தண்ணீரில் 1 பி.பி.எம் என்பது லிட்டருக்கு 1 மில்லி கிராம். உளுந்தில் பூ உதிராமலிருக்க என்.ஏ.ஏ என்ற வளர்ச்சி ஊக்கியை 40 பி.பி.எம் தெளிக்கச் சொல்கிறார்கள். கடையில் கிடைப்பது 4.5 சதவிகிதக் கரைசல் என்றால், அதன் 1 மில்லியில் 45 மில்லி கிராம் சத்து இருக்கும். எனவே லிட்டருக்கு 0.9 மில்லி. 10 லிட்டர் டேங்குக்கு 9 மில்லி. 40 என்ற எண்ணைப் பார்த்து 40 மில்லி ஊற்றினால் நாலு மடங்குக்கு மேல் போய்விடும்.

அரைக் கிலோ மண்ணுக்கு எத்தனை தசமம்?

மண் ஆய்வு அட்டையில் தழைச்சத்து 212.37 கிலோ என்று அச்சாகி வந்திருக்கலாம். அந்த 0.37-ஐ எவ்வளவு நம்பலாம்?

ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டி மீட்டர் மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. அதன் பிரதிநிதியாக ஆய்வகத்துக்குப் போவது அரைக் கிலோ. அதிலும் சோதனைக்கு எடுப்பது சில கிராம். வரப்போரம், எருக்குழிப் பக்கம், மர நிழல், வாய்க்கால் ஓரம் என்று ஏதாவது ஓரிடத்தில் அள்ளிய மண் என்றால், 0.37 என்ன, 212 என்ற எண்ணே அந்த வயலைப் பற்றியதாக இருக்காது.

ஏக்கருக்கு 10 முதல் 15 இடங்களில், ‘வி’ வடிவக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து 15 சென்டி மீட்டர் ஆழம் வரை ஒரே சீராக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி ஒதுக்கி அரைக் கிலோவாக்க வேண்டும். அப்படி எடுத்தாலும், அந்த எண்ணைச் ‘சுமார் 210’ என்று எடுத்துக்கொள்வதே நியாயம். போன முறை 212, இந்த முறை 208 என்றால் மண் கெட்டுவிட்டதாகக் கவலைப்பட வேண்டாம். அது அளவின் ஏற்ற இறக்கம். 280 இருந்தது 180 ஆனால்தான் மண்ணில் ஏதோ நடந்திருக்கிறது.

சில ஆய்வகங்கள் மண்ணின் சத்தைப் பி.பி.எம்-ல் கொடுக்கும். அதை 2.24-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும்.

லிட்டர் வேறு, கிலோ வேறு

1983 ஜூலையில் கனடாவில் ஒரு பயணிகள் விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றுபோனது. தேவைப்பட்டது 22,300 கிலோ எரிபொருள். லிட்டரை எடையாக மாற்றும்போது, கிலோவுக்கு உரிய 0.8-க்குப் பதிலாகப் பவுண்டுக்கு உரிய 1.77-ஐப் போட்டுவிட்டார்கள். எண் 22,300 என்று சரியாகவே வந்தது. ஆனால் அது பவுண்டு. டேங்கில் இருந்தது தேவையில் பாதிக்கும் குறைவு. விமானி கிம்லி என்ற இடத்திலிருந்த பழைய ஓடுதளத்தில் இன்ஜின் இல்லாமலே தரையிறக்கியதால் எல்லோரும் பிழைத்தார்கள்.

மதிப்புக்கூட்டி விற்கும் விவசாயிகளுக்கும் இது பொருந்தும். செக்கு நல்லெண்ணெயை அடையாறு, தி.நகர் கடைகளுக்கு அனுப்புகிறவர், விலை கிலோவுக்கா, லிட்டருக்கா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 920 கிராம்தான். கிலோ என்று சொல்லி லிட்டர் பாட்டிலைக் கொடுத்தால், வாடிக்கையாளர் எடை போட்டுப் பார்த்த அன்றோடு வியாபாரம் முடிந்தது. தேனில் கணக்கு தலைகீழ். ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ. கிலோ விலைக்கு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பவர், பாட்டிலுக்கு 400 கிராம் தேனைச் சும்மா கொடுக்கிறார்.

வாங்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் தராசைப் பார்க்க வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. வெறுந்தராசு சைபர் காட்டுகிறதா என்பதை மூட்டையை ஏற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது விவசாயியின் உரிமை.

கையில் வைத்துக்கொள்ள...

1 சென்ட் = 435.6 சதுர அடி = 40.47 சதுர மீட்டர்

1 கிரவுண்டு = 2,400 சதுர அடி = 5.51 சென்ட்

1 ஏக்கர் = 100 சென்ட் = 43,560 சதுர அடி = 18.15 கிரவுண்டு

1 ஏர் = 100 சதுர மீட்டர் = 2.471 சென்ட்

1 ஹெக்டேர் = 100 ஏர் = 2.471 ஏக்கர்

ஹெக்டேர் பரிந்துரையை ஏக்கருக்கு மாற்ற: 2.471-ஆல் வகுக்கவும்

சத்துக் கிலோவை உரக் கிலோவாக்க: சத்துக் கிலோவை 100-ஆல் பெருக்கி, மூட்டையில் உள்ள சதவிகித எண்ணால் வகுக்கவும்

தண்ணீரில் 1 பி.பி.எம் = லிட்டருக்கு 1 மில்லி கிராம்

1 சதவிகிதக் கரைசல் = லிட்டருக்கு 10 மில்லி

கணக்கு முழுவதையும் முடித்த பிறகு கடைசியில் மட்டும் சுருக்கவும். நடுவில் சுருக்கினால் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

பதினோராம் வகுப்பு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த முறை உரம் வாங்கப் போகும் முன் பரிந்துரை அட்டையையும் மூட்டை விவரத்தையும் அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று எழுதித் தரச் சொல்லலாம். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகு எழுதச் சொல்வது முக்கியம். பிள்ளைக்குத் தேர்வுக்குப் பயிற்சி, வீட்டுக்கு உரச் செலவில் மிச்சம்.